சண்டைக் காட்சியை மட்டும் பார்ப்பவர்

மலேசியாவில், கிள்ளானுக்குப் போகும் மாலை ரயிலில் அவர் தினமும் எனக்கு முன் இருக்கையில் உட்காருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. கைப்பேசியில் எப்போதும் ஒரே படம்: கறுப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட் காதல் நகைச்சுவை. அதில் நாயகனும் நாயகியும் வாய்ச்சண்டை போடும் காட்சி முடிந்ததும், பின்னால் ஓட்டி மறுபடி அதையே பார்ப்பார்.

ஒரு நாள் பக்கத்தில் இடம் கிடைத்தது. கேட்டுவிட்டேன்.

“கடைசியில சேர்ந்துருவாங்களா, அண்ணே?”

“சேருவாங்க லா, அது தெரிஞ்சதுதானே. சண்டையப் பாருங்க பாஸ். அவன் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்றா. ஒருத்தர் பேசுறத இன்னொருத்தர் எவ்ளோ கவனமா கேக்குறாங்க.”

“வீட்டுல அக்காவும் அப்படித்தானா?”

“எங்க வீட்டுல சண்டையே கிடையாது. அவ என்ன கேட்டாலும் பேப்பரப் பாத்துக்கிட்டே ‘ம்ம்’னு சொல்வேன். ஒரு நாள் பெட்டியோட வந்து நின்னு, ‘பூச்சோங்குல அண்ணன் வீட்டுக்கே போறேன்’னா. அதுக்கும் ‘ம்ம்’னுட்டேன். ஆறு வருஷம் ஆச்சு.”

“பூச்சோங் பக்கம்தானே. ஒரு எட்டு போய்க் கூப்பிடலாமே?”

“போகலாம். கதவத் தொறந்ததும் முதல்ல என்ன சொல்றது? நீங்க சொல்லுங்க.”

நான் யோசிப்பதற்குள் கிள்ளான் வந்தது; அவர் கூட்டத்தோடு இறங்கிப் போனார். பிறகு அவரைப் பார்க்கவில்லை. யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்கு ‘ம்ம்’ போட்டபடி, அந்தக் கதவு திறந்ததும் அவர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.