ஒரு மூச்சில் எட்டு

செருப்பு காலைவிட்டுக் கழன்றது மகள் மதுராவுக்குத் தெரியவில்லை. விறாந்தையில் ஒரு கால் வெறுங்காலாக நடந்துபோனாள். புதுச் செருப்பு வாங்கச் சொன்னேன். நோயின் முதல் அறிகுறிக்கு நான் சொன்ன வைத்தியம் அதுதான்.

இரண்டு நாளில் மதுராவால் படியேற முடியவில்லை. இணுவிலிலிருந்து ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குல்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார் வைத்தியர்.

"கூடுதலான ஆக்களுக்கு இந்த வருத்தம் மாறிவிடும் ஐயா. ஆனா பலவீனம் மூச்சுக்கு ஏறாமல் பாக்கோணும்."

நான் பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவில் தலைநரைத்து ஓய்வுபெற்றவன். அன்றே, மகள் பரீட்சைக்குப் போக முடியாததற்கான மருத்துவச் சான்றிதழ்ப் படிவத்தை மூன்று பிரதியில் நிரப்பினேன். மகளால் எழுந்து நிற்க முடியாது. கோப்பு ஒழுங்காக இருந்தது.

இம்யூனோகுளோபுலின் (நாளம் வழியே ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) தொடங்கிய அன்று, பார்வையாளர் நேரத்தில் வகுப்புத் தோழிகள் நால்வர் கொப்பிகளுடன் வந்து கட்டிலைச் சுற்றிக் குப்பி தொடங்கினார்கள். குப்பி என்பது விளங்கிய மாணவர் விளங்காதவர்களை இருத்திப் பாடம் சொல்வது. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வகுப்பு. சொல்லிக்கொடுத்தவள் என் மகள். நூலகத்தில் நிற்பதாகச் சொன்ன மாலைகளில் இதைத்தான் செய்திருக்கிறாள். வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் தருபவள், படுத்தபடி புள்ளிவிபரவியலைப் பொழிந்துகொண்டிருந்தாள்.

ஒரு நோயாளிக்கு இரண்டு பார்வையாளர் என்பது விதி. அவர்களை நிறுத்தச் சொல்லி வார்டுப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். மறுநாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனபோது, சிந்துஜா என்ற தோழி வாசலில் மறித்தாள்.

"அங்கிள், மதுராவுக்கு ஏதோ செய்யுது. நாலு சொல்லுக்கு ஒருக்கா நிக்கிறாள்."

"களைப்பு. நீங்கள் கதைக்க வைச்சால் களைக்காதோ?"

"நான் இண்டைக்குக் கணக்கைப் பிழையாச் சொன்னனான். மொக்கு, மூளையில்லாதவள் எண்டு அவள் ஏசேல்லை. இவ்வளவு நாளில ஒருக்காலும் அப்பிடி விட்டதில்லை."

என்னோடு வந்திருந்த மனைவியும் நானும் பேச்சு இடையில் நிற்பதை வெறும் களைப்பு என்றே நினைத்திருந்தோம். சிந்துஜா என்னைத் தாண்டிப்போய்த் தாதியைக் கூட்டிவந்தாள்.

"ஒரு மூச்சில எண்ணுங்கோ பிள்ளை, பாப்பம்."

மூச்சுத் தசையின் பலத்தை அறியும் சோதனை அது; காலையில் இருபத்திரண்டு வரை எண்ணியவள் எட்டில் நின்றாள். அடுத்த சோதனைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதற்குள் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு மூடியபோது பைக்குள் கடிதம் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

பதினொரு நாள் கருவிதான் அவளுக்காக மூச்சுவிட்டது. பிறகு விரல், பிறகு முழங்கை, பல மாதம் கழித்து ஊன்றுகோல். இந்த நோய் வந்தவரோடு நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எண்ணச் சொல்லுங்கள். அதோடு, அவரோடு தினமும் கதைப்பவர்களை உள்ளே விடுங்கள். பெற்றோருக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தை நான் அந்தக் கதவடியில் விட்டுவிட்டேன்.

தோழிகள் பரீட்சை எழுதி அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் குப்பி. மதுரா தவறவிட்ட பாடங்களைச் சொல்லிக்கொடுப்பவள் இப்போது சிந்துஜா. நான் அடுத்த அறையில் பேப்பருடன் இருப்பேன். அவர்கள் எப்போது போவார்கள் என்று மணிக்கூட்டைப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. யார் கதைத்தாலும், எந்த இடத்தில் மூச்சுக்கு நிற்கிறார் என்றே காது தேடுகிறது.

போன கிழமை மதுராவின் குரல் கேட்டது.

"மொக்கு, அது அப்பிடியில்லையடி, முதல் வரியிலயே பிழைவிட்டிட்டு என்னத்துக்கடி கீழ போறாய்?"

ஒன்பது சொல், ஒரே மூச்சில். பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.