இரண்டு செல்போன்களும் ஓர் ஈரத்துணியும்

எண்ணூர் சாலையில், துறைமுக கேட் திறக்கக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசையில்தான் அந்த டிரைவரைப் பார்த்தேன். ஏஜென்ட் ஆபீஸ் ஆளாக, கன்டெய்னர் பேப்பரைக் கொடுக்க அவர் வண்டியின் படியில் ஏறினேன். நரைத்த மீசை, அக்குளில் கிழிந்த காக்கிச் சட்டை. டேஷ்போர்டில் ஈரத்துணியை விரித்து இரண்டு செல்போன்களை வைத்திருந்தார். இரண்டிலும், அடுத்த நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வெவ்வேறு செஸ் என்ஜின். பழைய சாம்பியன் ஒருவர் யானையைப் பலி கொடுத்து ஜெயித்த ஆட்டத்தை, அந்தப் பலிக்கு முந்தைய நிலையில் நிறுத்தியிருந்தார்.

“ஒண்ணு யானையக் குடுன்னுது, இன்னொண்ணு குடுக்காதன்னுது. காலைலேர்ந்து யோசிச்சி ரெண்டும் கொதிக்குது,” என்று துணியில் தண்ணீர் தெளித்தார்.

“அவருதான் ஜெயிச்சிட்டாரேண்ணா?”

“எதிர்ல ஆடினவன் பயந்துட்டான். மிஷினு பயப்படாதுல்ல.”

சிரித்தேன். “அதுக்கு ஏண்ணா இவ்ளோ கவலை?”

“வூட்லயும் இதே பேஜாருதான் நைனா. சம்சாரத்துக்குத் தலையில கட்டி. ஒரு டாக்டரு ஆபரேஷன் பண்ணுன்றாரு. இன்னொருத்தரு, கத்தி வெச்சா உயிரு பூடும்ன்றாரு. நீ இன்னா சொல்ற?”

அந்நேரம் முன்வண்டி நகர்ந்தது. தப்பித்தோம் என்று கீழே குதித்தேன். அவர் ஒரு வண்டி தூரம் போய் நிறுத்தினார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, என்னை நோக்கியே நடந்து வந்தார்.