காற்று நின்ற காலை

சுரங்கத்தில் அவளுக்குக் காத்தக்கா என்றுதான் பெயர். பத்து வருடமாக அவள் வேலையே காற்றைப் பார்ப்பதுதான். சுரங்கப் பள்ளத்தின் விளிம்பில் ஒன்று, அடியில் ஒன்று, குடியிருப்பை ஒட்டி ஒன்று என மூன்று கருவிகள். மணிக்கொரு தரம் அவை காட்டுவதைப் பதிவேட்டில் எழுதுவாள். காலையில் காற்று மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும். வெயில் ஏறியதும் திரும்பி மேலே போகும். அப்போதுதான் பாறைக்கு வெடி வைப்பார்கள். புகை மலை தாண்டிப் போய்விடும்.

"காத்தக்கா, இன்னிக்குத் துணி காயுமா?" என்று குடியிருப்புப் பெண்கள் சீண்டுவார்கள்.

"துணி காயும். உங்க வாய்தான் காயாது!"

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், பதினோரு மணியாகியும் அடியிலிருந்த கருவி அசையவில்லை. கேண்டீன் புகை நாலு மாடி உயரம் எழுந்து, கூரையில் முட்டியதுபோல் அப்படியே படுத்துக்கொண்டது. மூன்று நாள் மழையில் வெடிக்குழிகள் வேறு ஊறிக் கிடந்தன. ஈரமான வெடிமருந்து சரியாக வெடிக்காது; ஆரஞ்சு நிறத்தில் நச்சுப்புகை கக்கும்.

வெடி மேலாளரிடம் ஓடினாள்.

"இன்னிக்கு வேண்டாம் சார். கீழ குளிர்காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்திருக்கு."

"மேல காத்து அடிக்குதுல்ல?"

"மேல அடிச்சு என்ன சார்? கீழ ஒரு இலை அசையல."

"மூணு நாளா தள்ளிக்கிட்டே வர்றோம். நீ எழுதுறத எழுது. மத்தத நான் பாத்துக்கறேன்."

எழுதினாள்: 'அடியில் காற்று இல்லை. வெடிக்க வேண்டாம் என்று சொன்னேன்.'

பன்னிரண்டுக்கு வெடித்தார்கள். ஆரஞ்சுப் புகை எழுந்தது, தயங்கியது, பிறகு தரையோடு தரையாகக் குடியிருப்புப் பக்கம் நகரத் தொடங்கியது. அபாயச் சைரனை மேலாளர் சொல்லாமல் தொடக்கூடாது. அவள் யாரையும் கேட்கவில்லை, விசையை அழுத்தினாள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

தண்ணீர் லாரி ஓட்டும் அவள் தம்பி மட்டும் புகைக்குள் போனான். அங்கே பம்பு அறைக்காரர் மாட்டிக்கொண்டிருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு சிரித்தபடியே வந்தான்.

"ஒண்ணும் இல்லக்கா. கண்ணுதான் லேசா எரியுது."

"வாய மூடிட்டு ஆஸ்பத்திரிக்கு வாடா."

பரிசோதித்த டாக்டர், இருவருக்கும் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார். இந்தப் புகை உள்ளே போனால் ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று அவள் படித்திருந்தாள். "அனுப்பாதீங்க டாக்டர்" என்று வாசலை மறித்து நின்றாள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்தார்கள்.

சாயங்காலம் இருவருக்கும் மூச்சு முட்டியது. உதடு நீலம் பாரித்தது. ஆக்சிஜன் கையருகில் இருந்ததால் உயிர் தங்கியது. பம்பு அறைக்காரர் பத்து நாளில் எழுந்துவிட்டார். தம்பியால் இன்றைக்கும் நாலு படி சேர்ந்தாற்போல் ஏற முடியாது.

மறுநாள் மேலாளர் பதிவேட்டைக் கேட்டு வந்தார். "அந்த ஒரு வரிய மட்டும் மாத்திடும்மா."

"என் தம்பி நெஞ்ச மாத்திக் குடுங்க சார், மாத்தறேன்."

விசாரணைக்குப் பிறகு அவரை மாற்றினார்கள். அவள் கையெழுத்தில்லாமல் வெடிக்கக்கூடாது என்று உத்தரவும் வந்தது. புதிய மேலாளர் முதல் நாளே வெடி அனுமதிக் காகிதத்தை நீட்டினார். குளிர் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அடியிலிருந்த கருவி அன்றும் அசையாமல் நின்றது. அவள் பேனாவைத் திறக்கவில்லை.