யோசப்பின் திரும்ப விட்ட கெண்டை

பொலிசிலிருந்து வந்த கடிதத்தை யோசப்பின் மூன்று தரம் வாசித்தாள். ஜெர்மனியின் எசன் நகருக்கு வந்து முப்பத்து மூன்று வருசம். அதில் இருபது வருசம் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஆகவே ஜெர்மன் விளங்காமலில்லை. விளங்கியதைத்தான் நம்ப முடியவில்லை. விலங்குகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் அவள்மேல் ஒரு முறைப்பாடு பதிவாகியிருந்தது. பதினொரு கிலோக் கெண்டை ஒன்றைத் தூண்டிலில் பிடித்து, படமெடுத்து, உயிரோடு ஏரியில் விட்டாள் என்பது குற்றம்.

"அடிச்சுச் சமைச்சிருந்தா ஒண்டுமில்லை, விட்டதுக்குக் கேசோ?" என்று கேட்டான் கணவன் டக்ளஸ்.

"அப்பிடித்தான் இந்த நாட்டுச் சட்டம். சாப்பிடப் பிடிச்சா அது காரணம். சும்மா பிடிச்சு விட்டா, காரணமில்லாமல் நோகப்பண்ணினது."

அவளுக்கு இது புதிதல்ல. மீன்பிடி அனுமதி எடுப்பதற்கு எழுதிய சோதினையில் இந்தக் கேள்வியே வந்தது. அட்டைகளில் வரைந்திருந்த நாற்பத்தொன்பது மீன்களின் ஜெர்மன் பெயர்களைச் சொல்ல முடியாமல் முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் பாஸ் பண்ணியவள் அவள். பேசாலையில் கடலோரம் பிறந்தவளுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியும் என்று மீன்பிடிச் சங்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவள் முதன்முதலாகத் தூண்டில் போட்டது எசனில், நாற்பத்தைந்து வயதில். காலைமுதல் சமையலறைப் புகைபோக்கியின் இரைச்சலுக்குள் நின்றுவிட்டு வந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முன்னொரு காலம் செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளத்தில் உண்டான ஏரி அது. மாநகரம் அதைச் சங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. சனிக்கிழமைகளில் தண்ணீரின் பிராணவாயுவை அளந்து எழுதிவைக்கும் பொறுப்பும் நாளடைவில் அவளிடம் வந்தது.

அந்தக் கெண்டையை அவள் சமைக்கத்தான் பிடித்தாள். கரைக்கு இழுத்து, வயிறு முழுக்கச் சினை இருப்பதைக் கண்டபோது அடித்துக் கொல்ல மனம் வரவில்லை. அந்த நேரம் சங்கத் தலைவர் பிரிங்மன் கமெராவோடு ஓடி வந்தார். ஒரு படம் வெயிலில் வெளுத்துவிட்டது, இன்னொன்றில் வால் விழவில்லை. நாலாவது படத்துக்குப் பிறகுதான் மீன் தண்ணீருக்குப் போனது. சங்க மலரின் முன்பக்கத்தில் அந்தப் படம் வந்தது. தொப்பி பாதி முகத்தை மறைத்திருந்தது. கீழே பெயரில்லை, 'எங்கள் ஏரியின் அரசியும் அவளைப் பிடித்தவரும். பதினொரு கிலோ, திரும்ப ஏரிக்கே விடப்பட்டாள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். விலங்குரிமைக் குழுவொன்று அந்த மலரைப் பார்த்து முறைப்பாடு செய்தது. பெயரைப் பொலிஸ் சங்கத்திடம் கேட்டு எடுத்தது.

கடிதத்தோடு அவள் பிரிங்மனிடம் போனாள்.

"மீன் கைநழுவி விழுந்தது என்று எழுதுங்கள். யார் கண்டது?" என்றார் அவர்.

யோசப்பின் தன் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் இருந்து பொலிசுக்குப் பதில் எழுதினாள். முன்பு அகதி விண்ணப்பத்துக்காக வாக்குமூலம் கொடுத்த நாட்களில், சொன்ன ஒரு திகதி மாறினதற்கு இரண்டு வருசம் அலைந்தவள். பொய் சொல்லவில்லை என்பதை நிரூபிக்க அவ்வளவு காலம் எடுத்தது. இப்போது பொய்யையே எழுத அவளுக்கு ஏலாது. சாப்பிடப் பிடித்தேன், சினையைக் கண்டு விட்டேன் என்று எழுதினாள். பேனையை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு, படமெடுக்க வைத்திருந்த நேரம் தேவையில்லாதது, அது என் பிழை என்றும் சேர்த்தாள்.

"உன்ர வாயாலேயே மாட்டுறாய்," என்றான் டக்ளஸ்.

"மாட்டினா மாட்டட்டும்."

ஏழு கிழமை கழித்துப் பதில் வந்தது. விசாரணை கைவிடப்பட்டிருந்தது. அவள் அதை டக்ளஸிடம் நீட்டிவிட்டுக் கதிரையில் இருந்து கொஞ்சம் அழுதாள்.

விசயம் அதோடு முடியவில்லை. அதே குழு, ஏரியில் மீன்பிடியையே நிறுத்தச் சொல்லி வட்டாரச் சபைக்கு ஆன்ட்ராக், அதாவது மனு, கொடுத்திருந்தது. குத்தகை அந்த வருசம் முடிகிறது. வாக்கெடுப்புக்கு முன்னால் பொதுமக்கள் பேசலாம் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். "ஒரு நல்ல மனுசியை எப்படி அலைக்கழித்தார்கள் என்று நீங்கள் சொல்லவேண்டும்," என்று பிரிங்மன் அவளை முன்வரிசையில் இருத்தினார்.

யோசப்பின் எழும்பினாள்.

"என்னை ஒருத்தரும் அலைக்கழிக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். அந்த மீன் நாலு நிமிசம் தண்ணீருக்கு வெளியில் இருந்தது. அது அதனுடைய தேவைக்கல்ல, எங்கள் படத்துக்கு. போட்டி வைத்துப் பெரிய மீனுக்கு வெற்றிக்கிண்ணம் கொடுக்கிற பழக்கத்தையும், பிடித்த மீன்களின் படங்களை ஒட்டுகிற படப் பலகையையும் நாங்கள் விடவேண்டும். வடக்குக் கரையில் மீன் சினைவிடும் மூலையைப் பூட்டவேண்டும். ஆனால் எங்களை அனுப்பிவிட்டால் கோடையில் பிராணவாயு குறைந்து மீன் சாகாமல் தண்ணீரை யார் அளப்பார்கள் என்றும் யோசியுங்கள்."

பின்வரிசையில் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் கதிரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். பிரிங்மன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி எழுந்தாள். "ஒன்றே ஒன்று கேட்கிறேன். தூண்டில் முள் குத்தும்போது மீனுக்கு நோகுமா, நோகாதா?"

"நோகும் என்றுதான் நினைக்கிறேன்," என்றாள் யோசப்பின். "நோகாது என்று சொல்ல என்னால் முடியாது. அதனால் தேவைக்கு மேலே பிடிக்கமாட்டேன், பிடித்ததை உடனே முடிப்பேன்."

கேட்டவள் மெல்ல இருந்தாள்.

கூட்டம் கலைந்து, வாசலில் யோசப்பின் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் கிட்ட வந்தாள்.

"அன்ரி, என்ர பேர் ஆதிரை. அந்த முறைப்பாடு நான்தான் போட்டது. ஆள் தமிழ் எண்டு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டீரோ?"

ஆதிரை யோசித்தாள். "போட்டிருப்பன்."

யோசப்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பதிலுக்காகவே அவளைப் பிடித்தும் போயிற்று. "அப்ப நல்லது. சனிக்கிழமை எட்டு மணிக்கு ஏரிக்கு வாரும். தண்ணி அளக்க இன்னொரு கை வேணும்."

"உங்கட சங்கத்துக்கோ? ஏலாது அன்ரி."

"சங்கத்துக்கு ஆர் கூப்பிட்டது? மீனுக்கு."

சபை குத்தகையை மூன்று வருசத்துக்கு நீடித்தது. போட்டி இல்லை, வடக்கு மூலைக்கு வேலி, தண்ணீர் அளவுகளை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டவேண்டும் என்பவை நிபந்தனைகள். பிரிங்மன் ஒரு மாதம் யோசப்பினோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் படப் பலகையைத் தானே கழற்றி, வடக்கு மூலையின் வேலிக்கு அறிவிப்புப் பலகையாக்கினார். வெளியே போன இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் வரவேயில்லை.

ஆதிரை முதல் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை இறப்பர் சப்பாத்தோடு வந்தாள், அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. மூன்று வருசம் கழித்தும் குத்தகைக்கு எதிராகத்தான் பேசுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "பேசும், பேசத்தானே வேணும்," என்றாள் யோசப்பின். சிலவேளை இருவரும் அளக்கும் கருவியைத் தண்ணீரில் விட்டபடியே வாதாடுவார்கள். ஒருத்தி சொன்னதை மற்றவள் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிப்பாள். தூண்டில் முள்ளில், குத்தியது கழராமல் பிடிக்கும் எதிர்க்கொக்கியை யோசப்பின் குறட்டால் நசுக்கத் தொடங்கியது அப்படியொரு வாதத்துக்குப் பிறகுதான்.

மே மாதத்தில், பூட்டிய மூலையின் நாணல்களுக்குள் முக்குளிப்பான் பறவை ஒன்று கூடு கட்டியது. ஆட்கள் மிதித்து நடந்த கரையில் அத்தனை வருசமும் அது கட்டியதில்லை. யோசப்பின் வேலிக்கு இப்பால் குனிந்து நின்று தொலைநோக்கியை ஆதிரையிடம் கொடுத்தாள்.

"மூண்டு முட்டை," என்றாள் ஆதிரை.

"நாலு. வடிவாப் பாரும்."

ஆதிரை திரும்பவும் பார்த்தாள். நாலுதான். கொப்பியை எடுத்து, பிராணவாயு அளவுக்குக் கீழே அதையும் எழுதினாள்.