ஏகாம்பரம் கடை ஜாதகக் கம்ப்யூட்டர்

காலையிலிருந்து படுத்தே கிடந்த கம்ப்யூட்டர், ரிப்பேர்காரன் வாசலில் செருப்பைக் கழற்றினதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கஸ்டமர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். நாம் மெஷினை அதைவிட ஒரு மாதிரி பார்ப்போம். எண்பதுகளின் கடைசியில் நானும் வின்சென்ட்டும் விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி அறையில் சர்வீஸ் சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம். அப்போது என்னை அதிகம் அலையவைத்தது திண்டிவனத்தில் இருந்த ஒரே ஒரு மெஷின்தான்.

போட்டோ

திண்டிவனத்தில் ஏகாம்பரம் என்று ஒருவர் படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடை வைத்திருந்தார். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் எதுவானாலும் சட்டம் அடித்துக் கொடுப்பார். கம்ப்யூட்டர் ஜாதகம் பரவிய நேரம் அது. அவரும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கடையின் ஒரு பக்கத்தில் வைத்து, ‘கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம்’ என்று போர்டு எழுதி மாட்டிவிட்டார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் போதும், பிரிண்டர் கர்ரென்று ஜாதகத்தை அடித்துத் தள்ளிவிடும்.

கோளாறு என்னவென்றால், சுவிட்ச் போட்டதும் திரையில் மெமரி எண்கள் ஏறும். ஏறி முடிந்ததும் ஒரு ‘பீப்’. அடுத்து பிளாப்பி டிரைவ் ஒரு உறுமல் உறுமும். உடனே திரை கறுத்துப்போய், எண்கள் மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்கும். ஜாதகம் பக்கமே போகாது. இப்படி ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சுவிட்ச் போட்டேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நாலைந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் ஓடியது. ஏகாம்பரம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “உங்களப் பார்த்தா பயப்படுது சார். ஒரு போட்டோ குடுத்துட்டுப் போங்க, சட்டம் போட்டு மெஷினு மேலயே மாட்டி வெக்கறேன்.”

மாவு மில்

அடுத்த தடவை கூப்பிட்டபோது வின்சென்ட்டும் வந்தான். என்னைவிட அனுபவசாலி. பக்கத்துக் கட்டடத்தில் மாவு மில் இருந்தது. மில் மோட்டார் கிளம்பும்போது கடையில் பல்பு ஒரு கணம் மங்கியது. “வோல்டேஜ்தான்” என்றான் வின்சென்ட். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார்கள். தீரவில்லை. மில்லைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நாங்கள் சொல்ல, ஏகாம்பரம் போய்க் கேட்டார்.

மில்காரர் நல்ல மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுக்க நிறுத்தினார். தூக்குவாளியும் பையுமாக வந்த பெண்கள் வெயிலில் காத்திருந்தார்கள். மெஷின் அன்றைக்கும் எண்ணி எண்ணித் திரும்பியது. மத்தியானம் மில்காரர் கடை வாசலில் வந்து நின்றார். அதுவரை ஏகாம்பரமும் அவரும் ஒரே டம்ளர் டீயைப் பங்கு போட்டுக் குடிக்கிற சிநேகம். அன்றிலிருந்து அது இல்லை. அவர் சொன்னது: “என் மில்லு நின்னுடுச்சி, உன் மெஷினு நிக்கல. இப்போ இத்தினி கேப்பையை யாரு அரைக்கறது? உன் கம்ப்யூட்டரா?”

மேல்மலையனூர்

அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டாம். அங்கே ஒரு கொட்டகை போட்டு, ஜெனரேட்டர் வைத்து, மெஷினை நடத்தலாம் என்று ஏகாம்பரத்துக்கு யோசனை. துணைக்கு நானும் போனேன். பூஜை போட்டுக் கற்பூரம் காட்டி சுவிட்ச் போட்டோம். எண்கள் ஏறின. பீப். உறுமல். இருட்டு. மறுபடி எண்கள்.

நான் மூடியைத் திறந்து கார்டுகளைப் பிடுங்கிச் செருகி, சிப்புகளைக் கட்டை விரலால் அழுத்தி, என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன். சுற்றிலும் ஜனம். “என்னா சார், ஜல்தி பாருங்க, பேஜாரா இருக்குது” என்று ஏகாம்பரம் என் காதில் முணுமுணுத்தார். முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி திரை மின்னுவதையும் மங்குவதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து கீபோர்டின் மேல் வைத்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அதட்டினார்: “அது மேல ஆத்தா வந்திருக்கா, கம்முனு இருங்க. மலையேறினதும் அதுவா பேசும்.”

எங்களுக்கு மட்டும்

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். ஏகாம்பரம் முன்கூட்டியே என்னை வரச்சொல்லியிருந்தார். அன்றைக்கு வரப்போவது முக்கியமான பொருத்தம். கோலியனூர் முருகேசன், சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர், தன் மகள் வசந்தாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பையன் செல்வம் திண்டிவனத்துக்காரன். அவனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசுக்குத் திருப்தி என்று பையனின் அம்மா சொன்னதால்தான் இது. பார்த்த கையோடு புடவை எடுக்கப் போவதாக இருந்தார்கள். செல்வம் வாசல் பக்கம் நின்று, யாரும் பார்க்காத சமயமாக வசந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது தெரிந்தே இருந்தது.

நல்ல காரியம் என்பதால் ஏகாம்பரத்தின் மனைவி தனலட்சுமி மெஷினுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, ஊதுவத்தி கொளுத்தினார். சுவிட்ச் போட்டேன். எண்கள் ஏறி, பீப் அடித்து, உறுமி, கறுத்தது. மறுபடியும். மறுபடியும். பையனின் அம்மா எழுந்துவிட்டார். “அம்மா, இது வெறும் கரண்டுக் கோளாறும்மா, ஜாதகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே பயந்திருந்தார். “கரண்டு எல்லாருக்கும் ஒண்ணுதானே தம்பி? நேத்து எங்க பக்கத்து வூட்டுக்காரங்களுக்கு வந்துச்சே. எங்களுக்கு மட்டும் ஏன் வரல?”

ஒன்பது

புடவை எடுக்காமலே இரண்டு வீட்டாரும் கிளம்பிவிட்டார்கள். தெருமுனை திரும்பியிருப்பார்கள். ஊதுவத்தி எரிந்து முடிந்த சமயம் மெஷின் தானாக எழுந்தது. நான் அவசரமாக இரண்டு ஜாதகத்தையும் தட்டினேன். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். விழுப்புரம் பஸ்ஸில் முருகேசனும் வசந்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினேன். முருகேசன் கையை நீட்டவில்லை. வசந்தாதான் வாங்கினாள். மூச்சிரைக்க நான் விளக்கம் சொல்லச் சொல்ல, அவள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அழுகிற முகம் இல்லை அது. டிரைவர் வண்டியை எடுத்தபோது தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ஒம்போது பொருந்தியிருக்குதே சார். அந்தப் பத்தாவது பொருத்தம் உங்க மெஷினுதான் போலிருக்குது.”

பொட்டு

மறுநாளே வின்சென்ட்டை இழுத்துக்கொண்டு போனேன். கோளாறு தெரியாமல் ஊர் திரும்புவதில்லை என்று போனோம். பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தோம், அதில் ஒரு குறையும் இல்லை. அலுத்துப்போய் வின்சென்ட் மெஷினுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “இது என்னடா?” என்றான். முன்பக்கம் வட்டமாக ஒரு பட்டன். மெஷினை அணைக்காமலே திரும்பக் கிளப்புகிற ரீசெட் பட்டன். அதன் மேல்தான் பொட்டு. பொட்டு வைக்க அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது அந்த இடம்.

கழற்றிப் பார்த்தோம். பட்டனைச் சுற்றிச் சந்தனம் இறங்கியிருந்தது. ஈரச் சந்தனம் வைத்து அழுத்தினால் பட்டன் பாதியில் சிக்கிக்கொள்ளும். டிரைவ் உறுமும் அதிர்வில் உள்ளே தொட்டுவிடும், மெஷின் திரும்பக் கிளம்பும். காய்ந்ததும் விட்டுவிடும். நான் விழுப்புரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். நல்ல நாளில் மட்டும்தான் புதுச் சந்தனம், நல்ல நாளில் மட்டும்தான் கோளாறு. பொட்டு இல்லாத மெஷினை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே கிடையாது. அதனால் அது என் கண்ணிலேயே படவில்லை. வின்சென்ட் பெரிதாகச் சிரிக்கத் தொடங்கினான். தனலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவர் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “நல்லது நடக்கணும்னுதானே வெச்சேன்.”

விளக்கம்

ஏகாம்பரம் பட்டனை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார். அவரும் நானுமாகப் பையன் வீட்டுக்குப் போனோம். அம்மா காபி கொடுத்து உபசரித்தார். ஏகாம்பரம் பட்டனைக் கையில் வைத்து அழுத்தி அழுத்திக் காட்டினார். சந்தனத்தால் வந்த வினைதான், வேறொன்றும் இல்லை, ஒன்பது பொருத்தம் இருக்கிறது, இதோ தாள் என்றார். நான் அந்த வீட்டில் பேசியதுபோல எந்த கஸ்டமரிடமும் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. செல்வம் உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். அம்மாவின் முகத்தையே பார்த்தான்.

அம்மா பட்டனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். புரிந்துதான் இருந்தது. “பொட்டு வெச்சதும் நின்னுபோச்சின்றீங்களே, இதைவிட வேற சகுனம் வேணுமா?”

பஸ்ஸில்

ரொம்ப நாள் கழித்து விழுப்புரத்தில் டவுன் பஸ் ஏறியபோது முருகேசன் மல்லாட்டை மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, நகர்ந்து இடம் கொடுத்தார். மழையைப் பற்றிச் சொன்னார், விலையைப் பற்றிச் சொன்னார். வசந்தாவை வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தூரமாம், வந்துபோக முடியவில்லையாம். நான் தயங்கிக்கொண்டே, “பொண்ணு நல்லா இருக்குதா?” என்று கேட்டேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்குகிற இடம் வந்தபோதுதான் திரும்பினார். “இருக்குது தம்பி. நீங்க கேட்டதா சொல்றேன்.”

நம் தொழிலில் பிடிபடாத கோளாறு என்று ஒன்று கிடையாது. என்ன, எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் பிடிபடும்.