பீங்கான் கடை வழியாக

தலவாக்கலையில் கிட்டார் கச்சேரி நடந்த மண்டபத்துக்கு ஒரே கதவுதான். இடம் கொள்ளாத கூட்டத்தை உள்ளே விட்டிருந்தார்கள். பாட்டின் நடுவே ஒலிபெருக்கிக் கம்பி புகைந்ததும் எல்லோரும் கதவில் போய் முட்டினோம். அப்போது பக்கத்துப் பீங்கான் கடை முதலாளி, தொப்பியும் தொந்தியுமாக, இடையிலிருந்த பலகைச் சுவரைப் பெயர்த்து வழிவிட்டார்.

"வாங்க, வாங்க! மெதுவா வாங்க, கோப்பையெல்லாம் அடுக்கியிருக்கு!" என்று வழக்கம்போல வியாபாரத்துக்கு அழைக்கும் குரலிலேயே கூவினார்.

முண்டியடித்த கூட்டம் சேலையையும் சாரத்தையும் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையாக நடந்து தெருவுக்கு வந்தது. ஒருவருக்கும் அடிபடவில்லை.

"ஏதும் ஒடைஞ்சிருச்சா, மொதலாளி?" என்று கேட்டேன்.

"ரெண்டே கோப்பைங்க. பதட்டத்துல நானேதான் தட்டிவிட்டுட்டேன்" என்று சிரித்தார்.

அவர் பதறியது பீங்கானுக்காகவா, எங்களுக்காகவா என்று இன்றும் யோசிக்கிறேன். ஆனால் அதன்பிறகு வீட்டில் கோப்பை உடைந்தால், அவர் கடையை விட்டு வேறு கடைக்குப் போனதில்லை.