பழைய நோட்டில் ஓடிய குதிரை

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நான் கேமரன்மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. சண்டைக்கு முன் ஈப்போ பந்தயத் திடலில் ஓடிய குதிரைகளின் வெற்றி தோல்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்தாலே ஜெயிக்கும் குதிரை தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

மறுபடி பந்தயம் நடக்கிறது என்று லோரி டிரைவர் ஒருவர் சொன்னார். வீட்டிலிருந்த ஒரே கம்பளியை ரிங்லெட் கடைத்தெருவில் விற்று, நோட்டு காட்டிய குதிரைமேல் கட்டச் சொல்லிப் பணத்தை அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். “உங்க குதிரை கடைசி லா, கிராணி. எலும்பும் தோலுமா நின்னுச்சு.”

அன்று தராசில் என் மனைவி செல்லம்மாவின் கூடை பழைய எடையில் பாதிதான் இருந்தது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு மலையேறுகிற எல்லோருக்கும் அப்படித்தான். தினமும் என் கையாலேயே அதை எழுதிக்கொண்டிருந்தேன்.

கம்பளி போன கதையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

“எங்க கூடை எடை கொறைஞ்சது உங்களுக்குத் தெரியும். குதிரை மட்டும் என்னத்தத் தின்னுச்சுன்னு நெனைச்சீங்க?”

அந்தக் குளிர் முழுக்க எங்கள் மகள் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டாள்.

இப்போது பந்தயப் பக்கமே போவதில்லை. யாருடைய கூடை எடை குறைந்தாலும் பழைய ஏட்டைப் புரட்டுவதில்லை, “சாப்பிட்டியா?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.